முக்காலுக்குக் கீழே

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் போடச் சொல்லி வண்டி மணியடித்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து கிளம்புகிற நேரம். அலுவலகத்தின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து சரிவில் ஏறி இன்சூரன்ஸ் சர்வேயர் வெளியே வரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. வைப்பர் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம், கூரைமேல் தண்ணீர் கொட்டுகிற சத்தம், புது வண்டிக்கே உரிய பிளாஸ்டிக் வாசனை, இவற்றுக்கெல்லாம் நடுவே அந்த மணி மட்டும் தனியாக, பொறுமையாக, காது மடலை விரலால் சுண்டுகிற மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. டிங். டிங். டிங். சீட்டில் அவனுடைய பை கிடந்தது. கனமான பைதான். அதைத்தான் ஆள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது என்று எட்டி எடுத்துப் பின்சீட்டில் எறிந்தான். மணி நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் போன் செய்தான். வண்டியின் ஸ்பீக்கரில் அவன் குரல் நிறைந்தது.

“மாமா, கூட யாரு? மணியடிக்குது பாருங்க. பெல்ட் போடச் சொல்லுங்க அவங்கள.”

“ஒருத்தரும் இல்லடா. புது வண்டி, திமிரெடுத்துக் கத்துது.”

“சரி, நம்ம விஷயத்துக்கு வாங்க. நான் வண்டி புக் பண்ணிட்டேன். இன்சூரன்ஸ் எதுல போடறது? உங்க கம்பெனிதானே?”

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தான். “அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாத. நானே வேற இடத்துலதான் போட்டிருக்கேன். பிரீமியம் எவன் கம்மியா கேக்கறான்னு பாக்காத. வண்டி நொறுங்கிப் போனா எவன் முகம் சுளிக்காம குடுக்கறான்னு பாரு. முக்கியமா, அவங்களுக்கு சர்வே பண்றவன் யாருன்னு விசாரி.”

“உங்கள மாதிரி ஆளா இருந்தா?”

“என்ன மாதிரி ஆளா இருந்தா, கும்பிடு போட்டுட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிடு.”

இருவரும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டிலிருந்தும் ஒரு மூச்சு வந்தது. சிரிக்கப்போகிறவர்கள் மூக்கு வழியாக விடுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன மூச்சு. ஏசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சிக்னலில் நின்றதும் சலிப்போடு அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, வெறும் சீட்டின் குறுக்கே கொண்டுவந்து, கொக்கியில் சொருகினான். க்ளிக். மணி நின்றது. ஆனால் பெல்ட் சீட்டோடு படியவில்லை. நடுவில் ஒரு சாண் தள்ளி, எதன்மீதோ சுற்றிக் கிடப்பதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விபத்து வண்டிகளின் சேதத்தை மதிப்பிட அவன் போகிற ஒர்க்ஷாப்களில் அவனுக்கு ‘முக்கால்’ என்று பெயர். அவன் காதுபடவே கூப்பிடுவார்கள், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. நொறுங்கின காரைச் சரிசெய்ய ஆகிற செலவு, காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். கம்பெனி முழுத்தொகையையும் கொடுத்துத் தலைமுழுகியாக வேண்டும். தாண்டாவிட்டால் ரிப்பேர், கம்பெனிக்குக் கொண்டாட்டம். எப்பேர்ப்பட்ட வண்டியையும் முக்காலுக்கு மயிரிழை கீழே கொண்டுவந்து நிறுத்துகிற கை அவனுக்கு. மாற்றவேண்டியதை ‘நிமிர்த்திக்கலாம்’ என்பான். புதிதாகப் போடவேண்டியதை ‘நல்லாத்தானே இருக்கு’ என்பான். அந்த வண்டியில் திரும்பவும் ஏறி உட்காரப்போகிறவர்கள் அவன் கணக்கில் வரமாட்டார்கள். மேலதிகாரிகள் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். தட்டின தட்டில்தான் இந்தப் புது வண்டி வந்தது.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டருக்குப் போனான். மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபோது மணி அடித்தது, எழுந்தபோது நின்றது.

“சென்சார் பக்காவா இருக்கு சார். ஆள் உக்காந்தாதான் கத்தும்.”

“ஆளே இல்லாம கத்துதுன்னுதானே உன்கிட்ட வந்தேன்?”

மெக்கானிக் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் பட்டையில் மார்பு படுகிற இடத்தில் மெல்லிய வெள்ளைத் தூள். அவர் தட்டியதும் வெயிலில் பறந்தது.

“உங்க வீட்டுக்காரம்மா டீச்சரா சார்? சாக்பீஸ் தூள் மாதிரி இருக்கு.”

சர்வேயரின் மனைவிக்கு பேங்கில் வேலை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் குனிந்து பெல்ட்டை முகர்ந்தான். அந்த வாசனையை முந்தைய நாளே அவன் மூக்கு பிடித்திருந்தது. சாக்பீஸ் வாசனை. அதற்கு அடியில், கருகின வெடிமருந்து வாசனை லேசாக.

டீச்சரை அவன் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

வகுப்பிலிருந்து நேராக ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தார் அவர். விரல் நுனியெல்லாம் வெள்ளை. நாற்சந்தியில் ஒரு வேன் வந்து மோதியதில் முன்பக்கம் உள்ளே போய், கதவுத்தூண் வளைந்து, ஏர்பேக் இரண்டும் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்த வண்டி. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெல்ட்தான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சுது சார் என்று, நல்லது செய்த மனிதரைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“எனக்கு இந்த வண்டி வேண்டாம் சார். டோட்டல் லாஸ்னு எழுதிக் குடுத்துடுங்க. இதுல உக்காந்தாலே பயமா இருக்கு.”

“பயத்துக்கெல்லாம் ரிப்போர்ட்ல இடமில்ல டீச்சர்,” என்றான் அவன். ஒர்க்ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வண்டி முக்காலைத் தாண்டியிருந்தது. நன்றாகவே தாண்டியிருந்தது. தூணை நிமிர்த்தலாம் என்று எழுதினான், இறங்கியது. போதவில்லை. கண் பெல்ட்டில் விழுந்தது. மோதுகிற நொடியில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க அதற்குள் ஒரு சிட்டிகை வெடிமருந்து வைத்திருப்பார்கள். ஒரு தடவை வெடித்துவிட்டால் அதன் வேலை தீர்ந்தது, அப்புறம் முழுசாக மாற்றித்தான் ஆகவேண்டும். அவனுக்கு அது தெரியும். அவனைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. டீச்சரை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லி, தான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் பெல்ட்டை இழுத்துக் காட்டினான். “பாருங்க. இழுத்தா வருது. விட்டா போகுது. நல்லாத்தானே இருக்கு?” சர்ர், டக். சர்ர், டக். டீச்சர் தலையாட்டினார். படித்தவர்தான், ஆனால் பெல்ட்டைப் பற்றிப் படித்தவரில்லை. பெல்ட் செலவைக் கணக்கிலிருந்து அடித்தான். வண்டி முக்காலுக்குக் கீழே வந்து நின்றது. டாஷ்போர்டில் பழுது காட்டுகிற விளக்கு எரியாமல் இருக்க ஒர்க்ஷாப் ஃபோர்மேன் ஒரு சின்ன ஒயரை முறுக்கிவிட்டான், காதும் காதும் வைத்த மாதிரி.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று கேட்டார். “உங்க வண்டிக்கு நீங்க எந்த கம்பெனி சார்?”

“இதேதான் டீச்சர். எங்களுக்கே நம்பிக்கை இல்லாமலா உங்ககிட்ட விப்போம்?”

சர்வீஸ் சென்டரிலிருந்து வெளியே வந்தவன் ஒரு துணியை நனைத்து அந்த பெல்ட்டை அழுத்தித் துடைத்தான். துடைத்த துணியை வழியிலேயே எறிந்தான். வீடு சேர்ந்து பார்த்தபோது தூள் திரும்பவும் இருந்தது.

அன்று மாலை மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரவேண்டிய முறை அவனுடையது. பின்னாடி உட்காரு என்று சொல்வதற்குள் அவள் முன்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். ஈரத் தலையும், குளோரின் வாசனையும், ஓயாத வாயுமாக ஒரு சின்ன மனுஷி. அவள் உட்கார்ந்ததும் மணி அடிக்கும் என்று அவன் காத்திருந்தான். அடிக்கவில்லை.

“அப்பா, சீட்டு சூடா இருக்கு. இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி.”

“வெயில்ல நின்ன வண்டி. பெல்ட்டப் போடு.”

வெயில் எங்கே இருந்தது, மதியத்திலேயே மூடிக்கொண்ட வானம். மகள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். க்ளிக் என்ற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவன் வண்டியை நகர்த்தினான். தெருமுனையில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை, சும்மா ஓர் அழுத்து அழுத்தினான் பிரேக்கை. பெல்ட் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை. தையற்கடை நாடா மாதிரி சர்ரென்று அவிழ்ந்து நீண்டது. மகளின் நெற்றி டாஷ்போர்டில் முட்டியது.

“ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல,” என்று அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். நெற்றியில் சின்னப் புடைப்புதான். ஓரமாக நிறுத்தி பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். கல் மாதிரி பிடித்தது. மறுபடி இழுத்தான், பிடித்தது. அவன் கைக்குப் பிடிக்கிறது. அவன் மகளுக்குப் பிடிக்கவில்லை.

“இன்னும் பலமா இடிச்சிருப்பேன்பா. பின்னாடி இருந்து யாரோ என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டாங்க,” என்றாள் மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அவளைத் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தான். நீலச் சட்டையின் காலருக்குக் கீழே நான்கு விரல்கள். வெள்ளையாக, பக்கத்தில் பக்கத்தில், பெரிய ஆளின் கை.

அதற்குப் பிறகு அவனுக்கு மகளைத் தவிர வேறு நினைப்பில்லை. அவன் என்ன செய்திருந்தாலும் அந்தக் குழந்தையிடம் உயிரையே வைத்திருந்தான், அது பொய்யில்லை. வீட்டுக்கு வந்து அவளைக் குளிக்கவைத்து, சட்டையை மனைவி பார்ப்பதற்குள் தண்ணீரில் அமுக்கினான். விரல்கள் கரைந்து வாளித் தண்ணீர் பால்நிறமாகியது. அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தபோது, யாரிடமும் சொல்லாத மற்றொன்று அவனுக்கு நினைவுக்கு வந்தது. கேட்காமலேயே வந்தது.

டீச்சரின் வண்டி இரண்டாவது தடவை மோதியபோதும் அவனைத்தான் அனுப்பினார்கள். முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. பெரிய வேகமில்லை. நல்ல பெல்ட் என்றால் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போயிருப்பார். நிமிர்த்தின தூண் காகிதம் மாதிரி மடிந்து அவரை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. உடனே போய்விடவில்லை, ரொம்ப நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார் என்று ஃபோர்மேன் சொன்னான். நொறுங்கின வண்டிகளைப் போட்டுவைக்கிற ஃபோர்மேனின் யார்டில் அந்த வண்டியைப் பார்த்தபோது பெல்ட் பட்டை நடுவில் அறுபட்டிருந்தது, மீட்க வந்தவர்கள் அறுத்தது. ஆனால் அதன் நாக்கு கொக்கிக்குள்ளேயே இருந்தது. பூட்டியபடி. அறுபட்ட பட்டையை மோதலில் கிழிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், போட்டிருந்தார் என்பதற்குப் பூட்டின நாக்கு ஒன்றுதான் சாட்சி. பெல்ட் போட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டால் கேள்வி நேராக அவனிடம்தான் வந்து நிற்கும். சர்வேயர் சுற்றுமுற்றும் பார்த்தான். உள்ளே குனிந்தான். கொக்கியின் சிவப்பு பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினான். க்ளிக். நாக்கை உருவி சீட்டின்மேல் போட்டுவிட்டு, அதற்கப்புறம் போட்டோ எடுத்தான்.

‘ஓட்டியவர் பெல்ட் அணியவில்லை’ என்று எழுதினான். டோட்டல் லாஸ் என்றும் எழுதினான், இந்தத் தடவை தாராளமாக.

டீச்சரின் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். “வாசல்ல வண்டியத் திருப்பறதுக்குக்கூட பெல்ட் போடுவா சார் அவ. புள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லித் தருவா,” என்றார். அவன் போட்டோவைத் திருப்பிக் காட்டினான். அந்த மனிதர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மனைவி கடைசி நாளில் கவனமில்லாமல் இருந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு போய்விட்டார்.

தன் புது வண்டியைத் தொலைத்துவிடுவது என்று சர்வேயர் முடிவு செய்தான். யாருக்கு விற்றாலும் சரி, இனாமாகக் கொடுத்தாலும் சரி. மறுநாள் சாயங்காலம் ஃபோர்மேனுக்குப் போன் செய்தான்.

“புது வண்டியத் தள்ளிவிடறியா? யோவ் முக்கால், பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?”

“யார்டத் திறந்து வையி. வந்து சொல்றேன்.”

மனைவியிடம் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றான். மகள் நெற்றிப் புடைப்போடு வாசலில் நின்றாள். “நானும் வரட்டாப்பா?” வேண்டாம் என்று கத்தியே விட்டான். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, வந்ததும் ரெண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாம், கீழ வந்து நில்லு, நான் ஹாரன் அடிக்கிறேன் என்று சமாதானம் சொன்னான். லிஃப்ட் கதவு மூடும்வரை அவள் கையாட்டினாள்.

அடுக்குமாடியின் அடித்தளத்தில் அவன் வண்டி, தூணுக்குப் பக்கத்தில், அவனுக்காகக் காத்திருந்த மாதிரி நின்றது. ஏறினான். கிளப்பினான். மணி அடிக்கவில்லை. தெரு தாண்டினான், அடிக்கவில்லை. பெரிய சாலைக்கு வந்து, மழையும் இருட்டும் ஒன்றாக இறங்க ஆரம்பித்து, எதிர்வண்டிகளின் வெளிச்சம் ஈரக் கண்ணாடியில் கரைந்து வழிய, தொழிற்சாலைச் சுவர்களும் பூட்டின கிடங்குகளும் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போன அந்த யார்டு சாலையில் திரும்பியபோது, பாதி தூரம் வந்துவிட்டோம் என்று அவன் மூச்சை விட்டான்.

டிங்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டிங். டிங். சீட்டின் தோல் முனகியது, கனமான ஒருவர் வசதியாக நகர்ந்து உட்காரும்போது முனகுமே அப்படி. சாக்பீஸ் வாசனை ஏசிக் காற்றோடு வந்து முகத்தில் பட்டது. ரேடியோவைப் போட்டான். அதில் யாரோ உரக்கப் பாடுகிற சத்தத்துக்கு அடியிலும் மணி கேட்டது. ரேடியோவை அணைத்தான். பெல்ட்டைப் போடமாட்டேன், கத்தட்டும், யார்டு இதோ வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்போது பக்கத்தில் பெல்ட் தானாக நீண்டது.

சர்ர். டக்.

சர்ர். டக்.

இழுத்தா வருது. விட்டா போகுது.

வண்டியை ஓரங்கட்ட நினைத்தான். கால் பிரேக்கை மிதித்தது, வண்டி கேட்கவில்லை. கதவுப் பிடியை இழுத்தான். நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. ஓரக்கண்ணால் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். மடியில் அடக்கமாக வைத்த இரண்டு கைகள். விரல் நுனி வெள்ளை. புடவைக்குள் மார்பு இருக்கவேண்டிய இடம் உள்ளே போய், வளைந்து, கதவுத்தூணின் அச்சோடு இருந்தது.

“டீச்சர்,” என்றான். குரல் அவனுடையதாக இல்லை. “டீச்சர், எனக்குப் பயமா இருக்கு.”

“பயத்துக்கெல்லாம் ரிப்போர்ட்ல இடமில்ல சார்.”

மென்மையான குரல். கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல்.

“என் குழந்தை. குழந்தைய மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க. உங்க காலப் பிடிக்கிறேன்.”

“குழந்தைங்கமேல நான் கை வச்சதே இல்ல சார். கிளாஸ்லகூட. அவ நெத்தி இடிக்காம பிடிச்சேன், முழுசாப் பிடிக்க முடியல. அவ எதுக்கு? நான் உங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

வெள்ளை விரல் ஒன்று நிதானமாக அவன் இடுப்புப் பக்கம் வந்தது. அவன் பெல்ட்டின் கொக்கியைத் தேடியது. சிவப்பு பட்டனைக் கண்டுபிடித்தது. அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளினான். பனிக்கட்டியைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. தள்ளவே முடியவில்லை.

க்ளிக்.

முன்னால் ஒரு லாரியின் பிரேக் விளக்குகள். இரண்டு சிவப்பு. பெரிசாகின.

ஏர்பேக் வரவில்லை.

சத்தம் அடங்கிய பிறகு மழை மட்டும் கேட்டது. எங்கேயோ சூடான தண்ணீர் சொட்டியது. ஸ்டியரிங் மார்புக்குள் இருந்தது. கால்கள் எங்கே என்று தெரியவில்லை, தெரிந்தபோது அலறினான். உயிர் இருந்தது. அதுதான் கொடுமை, ஒரு இம்மிகூடக் குறையாமல் இருந்தது. லாரி இல்லை. சாலையில் யாரும் இல்லை. பக்கத்துக் கதவு திறந்து மூடுகிற சத்தம். ஈரத்தில் செருப்புச் சத்தம், வண்டியைச் சுற்றி வருகிறது, அங்கங்கே நின்று நின்று, அவன் ஆயிரம் வண்டிகளைச் சுற்றி வந்த அதே நடையில். அவன் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளை விரல்கள் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து, அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தன.

“கால் ரெண்டும் வளைஞ்சிருக்கு. நிமிர்த்திக்கலாம்.”

நிமிர்த்தின. அவன் போட்ட கூச்சலுக்குக் கிடங்குச் சுவர்கள் எதிரொலித்தன.

“விலா எலும்பு. மாத்த வேண்டாம். தட்டி எடுத்துக்கலாம்.”

தட்டின.

“கண் ஒண்ணு வெளிய வந்திருக்கு. உள்ள வச்சு அமுக்கினா நல்லாத்தானே இருக்கும்?”

“முடிச்சுடுங்க டீச்சர்,” என்று கெஞ்சினான். வாயில் இரத்தம் குழறியது. “தாங்க முடியல. இதோட முடிச்சுடுங்க. டோட்டல் லாஸ்னு எழுதிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

டீச்சர் யோசிப்பதுபோல் சற்று நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்து அவனை மேலும் கீழும் பார்த்தார். தப்பான விடைக்கு முன்னால் நிற்கிற டீச்சர் பார்ப்பது மாதிரி, கோபமே இல்லாமல்.

“முக்காலத் தாண்டலையே சார்.”

பிறகு இருட்டு. பிறகு மஞ்சள் குழல்விளக்கு. சிமென்ட் வாசனை, டயர் வாசனை. அவன் வீட்டு அடித்தளம். தூணுக்குப் பக்கத்தில் அவன் வண்டி, முன்பக்கம் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து, பளபளவென்று. உள்ளே அவன். கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன, விரல்கள் எந்தப் பக்கம் மடங்கவேண்டுமோ அந்தப் பக்கம் மடங்காமல். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ உரசியது. தலையைத் திருப்ப முடியவில்லை.

லிஃப்ட் திறந்தது. மகள் வந்தாள். நெற்றியில் புடைப்பு. ஓடிவந்து வண்டிக்கு நேர் எதிரே நின்றாள். அவன் வாயைத் திறந்தான். தாடை திறக்கவில்லை, தைத்திருந்தது. மகள் அவன் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது வெறும் தரையும், எண்ணெய்க் கறையும், தூணும்தான். ஹாரனை அமுக்க நினைத்தான். கை அசையவில்லை.

“அம்மா, அப்பா இன்னும் வரலம்மா,” என்று போனில் சொன்னாள். “இல்லம்மா, ஹாரன் அடிப்பேன்னு சொன்னார். நான் இங்கயே நிக்கிறேன்.”

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். சரிவுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கன்னத்தில், அமுக்கி வைத்த கண்ணிலிருந்து, சூடாக ஏதோ இறங்கியது.

பக்கத்து சீட்டின் தோல் முனகியது.

சர்ர். க்ளிக். அவருடையது, ஒழுங்காக, எப்போதும் போல்.

வெள்ளை விரல் எட்டி வந்து அவன் பெல்ட்டையும் இழுத்து மாட்டிவிட்டது. எஞ்சின் தானாகக் கிளம்பியது.

“போலாமா சார்?”